பேசும் சிறுநீரகம்

மரச்சாமான் கடையின் மாடியில் சிறுநீரகங்கள் பேசுகின்றனவாம்! செய்தி பரவியதும் ஊரே படிக்கட்டில் நின்றது. முட்டி வலிக்காரர்கள்கூட முக்கி முனகி ஏறினார்கள். மேலே கிட்னி மகான் அமர்ந்திருந்தார். பித்தளைப் புனல் ஒன்றை முதுகில் வைத்துக் காதைக் கொடுப்பார். உள்ளே இருக்கும் உறுப்பு தன் குறைகளை அவரிடம் ஒப்பிக்கும். உடம்புக்குச் சொந்தக்காரனிடம் ஏன் பேசவில்லை என்று கேட்காதீர்கள். அதற்கும் ஆள் பார்த்துப் பழகத் தெரியும்!

கேட்டு முடித்ததும் ஒரு புட்டி 'மௌனத் தண்ணீர்' விற்பார். கூடவே ஓர் உத்தரவு: "மாத்திரையை எல்லாம் குப்பையில போடு."

பெயின்டர் ஒருவர் அந்த உத்தரவை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினார். அவருக்குப் பல வருடச் சர்க்கரை நோய். சிறுநீரில் புரதம் ஒழுகுகிறது என்று டாக்டர் இரத்த அழுத்த மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அதை நிறுத்திய சில வாரங்களில் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. அதைப் பார்த்த அவருடைய அக்கா மாத்திரை டப்பாவைத் தேடினார்.

"மாத்திரை எங்கேடா?"

"எனக்கு இருக்கறது சுகர். அவர் குடுத்தது பிரஷர் மாத்திரை. தலைவலின்னு போனவனுக்கு முழங்கால்ல கட்டுப் போட்ட கதை!"

"டேய், சுகர் ஏறினா கிட்னி வடிகட்டியில அழுத்தம் கூடும். அதைக் குறைச்சு, கிட்னி கெடாம காக்கத்தான் அந்த மாத்திரை. உங்க மாமா, என் வீட்டுக்காரர்கிட்ட டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரு, கேட்டாரா? என்ன ஆச்சுன்னு நீ பார்த்தேல்ல?"

"மகான் காதாலேயே கேட்டாருக்கா. என் கிட்னி ரெண்டும் சிரிக்குதாம்."

அக்கா தம்பியைக் கையோடு இழுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

"எனக்கும் கேட்டுச் சொல்லுங்க ஐயா."

மகான் புனலை வைத்தார். கண்ணை மூடினார். கூட்டம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது.

"வலது தாலாட்டுப் பாடுது. இடதுதான் பாவம், விசும்புது."

"இடதா? நல்லாக் கேளுங்க."

"'என்னைக் கவனிக்கவே மாட்டேங்கிறா'ன்னு புலம்புதும்மா!"

தம்பிக்கு வாய் பிளந்தது. "அக்கா... உனக்கு இடது பக்கம்தானே..."

"ஆமாண்டா. அதைத்தானே எடுத்து உங்க மாமா வயித்துல வெச்சாங்க! அவரு இப்போ வீட்டுல வெங்காயம் உரிச்சிட்டு இருக்காரு. விசும்பல் அங்கேயிருந்தா வருது ஐயா?"

மகானா விடுவார்?

"எடுத்துட்டாலும் அதோட நினைவு பேசும்!"

ஒரு பெரியவர் பொக்கை வாயைத் திறந்துகொண்டு முன்னால் வந்தார். "அப்போ என் பல்லு முப்பத்திரெண்டும் என்னய்யா சொல்லுது?"

எழுந்த சிரிப்பில் கீழே கடையின் நாற்காலிகள் ஆடின. மகான் புனலை அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்படி வழியாகக் கம்பி நீட்டினார்.

பெயின்டர் அன்றே டாக்டரிடம் போனார். சோதித்துப் பார்த்த டாக்டர், "ஒழுக்கு கூடியிருக்கு. நல்லவேளை, இன்னும் கை மீறல" என்று திட்டிக்கொண்டே அதே மாத்திரையை மறுபடி எழுதினார்.

மகாஜனங்களே! சிறுநீரகம் இரண்டு, ஒன்றைத் தானம் கொடுத்தவர்கள் நன்றாகவே வாழ்கிறார்கள். மூளையோ ஒன்றே ஒன்று. அதையும் தானம் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்காதீர்கள்!