தப்பான காலில் விழுந்த மாப்பிள்ளை

ஆளைப் பார்த்ததுமே எடைபோடும் வியாதி எனக்கு உண்டு. அது எனக்கு இல்லவே இல்லை என்று நம்பியதுதான் அதைவிடப் பெரிய வியாதி.

அப்போது சேலத்தில் ஒரு கம்பெனியில் ஊழியர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். தலைப்பு: ‘நமக்கே தெரியாமல் மனதில் ஒளிந்திருக்கும் பாரபட்சம்’. (கைதட்டலெல்லாம் வாங்கியிருக்கிறேன்!) அந்தத் திமிரோடுதான் அம்மாவுடன் கொல்லிமலைக்குப் பெண் பார்க்கப் போனேன். தூரத்து உறவினர் ஒருவர் போனிலேயே ஏற்பாடு செய்த சம்பந்தம். வந்த ஒரே போட்டோவில் செல்வி பலாமரத்தடியில் நின்றிருந்தாள். மரம்தான் தெளிவாக விழுந்திருந்தது.

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் சுழற்றிய சுழற்றலில், வளப்பூர் நாடு என்ற மலையூரில் இறங்கியதும் அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லுங்கி கட்டிய ஒருவர் தோளில் பலாப்பழத்தோடு ஓடிவந்தார்.

“ஏனுங்க, சேலத்துல இருந்துங்களா? நான் வந்துங்க...”

“வந்தது நல்லதாப் போச்சுண்ணே, இதைப் பிடிங்க” என்று பையை அவர் கையில் திணித்தேன். வழியில் மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “அப்புறம் பேசலாம், பார்த்து நடங்க. உள்ளே லேப்டாப் இருக்கு” என்றேன்.

வாசலில் வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, தங்க வாட்ச்சோடு ஒருவர் கம்பீரமாக நின்றிருந்தார். ஆஹா, மாமனார்! நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

அவர் துள்ளிக் குதித்தார். “ஐயோ, எந்திரிங்க! நான் மிளகு வாங்க வந்தவனுங்க!”

பின்னால், பையைப் பத்திரமாக இறக்கி வைத்த லுங்கிக்காரர் மெதுவாகச் சொன்னார்: “பொண்ணோட அப்பா நாந்தானுங்க.”

மறுபடியும் விழுந்தேன். இந்த முறை, அவர் இறக்கி வைத்த பலாப்பழம் நெற்றியில் குத்தியது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக ஒரு பெண் காபித் தட்டோடு வந்தார். பஸ்ஸில் மனப்பாடம் செய்த வசனத்தை எடுத்துவிட்டேன்: “உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.”

“எம்பட ஊட்டுக்காரரும் அதையேதானுங்க சொல்லுவாரு” என்றார் அவர்.

மூலையில், சுடிதாரும் எண்ணெய் தடவிய கையுமாகப் பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “அது எங்கக்காங்க. நாந்தான் செல்வி. ஆமா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

நெற்றியைத் தடவிக்கொண்டேன். “அது வந்து... யாரையும் பார்த்ததுமே முடிவு கட்டக் கூடாதுன்னு... கிளாஸ் எடுக்கறேன்.”

முதலில் மாமனார் குலுங்கிச் சிரித்தார். பிறகு மிளகு வியாபாரி. செல்விக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. எண்ணெய்க் கையால் துடைத்ததில் கண் எரிந்து இன்னும் அழுதாள், இன்னும் சிரித்தாள். அம்மா மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னார்: “இதுக்கு இவனுக்குச் சம்பளம் வேற தர்றாங்க.”

சம்பந்தம் போச்சு என்று பையை எடுக்கக் குனிந்தேன்.

“இருங்க” என்றாள் செல்வி. “இவ்வளவு சிரிக்க வெச்சவரைச் சும்மா அனுப்ப முடியுங்களா, அப்பா?”

கல்யாணம் நடந்தது. அந்த வகுப்பை இன்றும் எடுக்கிறேன். முன்பு ‘உங்களிடம் ஒளிந்திருக்கும் பாரபட்சம்’ என்று ஆரம்பிப்பேன். இப்போது ‘என்னிடம்’ என்று ஆரம்பிக்கிறேன். புதியவர் யார் வந்தாலும் முதலில் மனைவியின் முகத்தைத்தான் பார்ப்பேன். அவள் லேசாகத் தலையசைத்தால்தான் கும்பிடுவேன்.

எங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்கிறாளாம்: “எங்கப்பா ஆளைப் பார்த்து எதையும் முடிவு பண்ண மாட்டாரு. அம்மாவைப் பார்த்துத்தான் பண்ணுவாரு!”