செவ்வாய்க்கிழமைப் பெட்டகம்

ஐம்பது வயதில் அவருக்குத் திடீரென்று சமுதாயத்தின் மேல் அக்கறை வந்தது. ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளுக்கு வழிகாட்டியாகப் போகிறவர்கள் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பலாம் என்று அலுவலகச் சுற்றறிக்கை வந்ததும் அதே நாளில்தான்.

அவருக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் மேசை. காலையிலிருந்து மாலை வரை ஊரார் புகார். மாலையிலிருந்து காலை வரை மனைவி புகார். ஊராருக்காவது ரசீது கிழித்துக் கொடுத்து அனுப்பிவிடலாம். மனுஷர் ரொம்பக் களைத்துப் போயிருந்தார்.

“சமுதாயத்துக்கு ஏதாவது செய்யணும்னு முடிவு பண்ணிட்டேன்.”

“முதல்ல குளியலறைக் குழாய்க்குச் செய்யுங்க. மூணு வாரமா ஒழுகுது.”

“ஒரு குழந்தையோட எதிர்காலம்டி இது!”

“நீங்க வழிகாட்டியா? காய்கறி வாங்கப் போனாலே ரெண்டு தடவை போன் பண்ணி வழி கேக்குறீங்க.”

அத்தோடு விட்டுவிட்டாள். அவ்வளவு சீக்கிரம் விட்டபோதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

பள்ளியில் அவருக்கு ஒதுக்கியது மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. முன்பல் இரண்டு இல்லை. “யார்கிட்டயும் வாயே திறக்காது சார். நீங்க பக்கத்துல உக்காந்து ஏதாவது பேசிக்கிட்டே இருங்க, போதும்,” என்றார் வகுப்பாசிரியை.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்து நாலு வருஷக் குடித்தனத்தில் யாரும் அவரைப் பார்த்துச் சொல்லாத வார்த்தை அது.

பேசினார். குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து, மேலதிகாரியில் ஆரம்பித்து மாமியார் வரைக்கும் பேசினார். சிறுமி படத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டே தலையாட்டினாள். எவ்வளவு கொட்டினாலும் ஒரு சொல் வெளியே வராது என்று அவளுக்குப் ‘பெட்டகம்’ என்று பெயர் வைத்தார்.

“இனிப்பு கூடாதுன்னுட்டார் டாக்டர். பிஸ்கட்டை ஸ்குரூ டிரைவர் டப்பாவுக்குள்ள வச்சிருக்கேன். குழாய் ரிப்பேர் பண்ணினாதானே அது திறக்கும்!”

பெட்டகம் தலையாட்டியது.

வியாழக்கிழமை சாயங்காலம், “சிநேகிதியைப் பாத்துட்டு வரேன்” என்று போன மனைவி, திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே அந்த டப்பாவைத் திறந்தாள்.

“பிஸ்கட்டை நான் எடுத்துக்கிறேன். ஸ்குரூ டிரைவரை நீங்க எடுத்துக்குங்க.”

அன்றைக்கே குழாய் சரியானது. பக்கத்து வீட்டுக்காரர்தான் ஜன்னல் வழியாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும் என்று அவரோடு பேச்சை நிறுத்தினார்.

அப்போதுதான் மச்சான் வீடு மாற்றினான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கூடமாட நிற்க வேண்டுமாம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, இரும்பு பீரோ மூன்று. அந்த இரண்டு நாளும் தூங்கியே தீர்ப்பது என்று அவர் ஒரு மாதமாகக் கனவு கண்டிருந்தார். விட முடியுமா?

“வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கூடத்துல வழுக்கி விழப் போறேன்,” என்றார் பெட்டகத்திடம், ரகசியமாக. “இடுப்பு பிடிச்சுக்கும். திங்கட்கிழமைதான் விடும்.”

வெள்ளிக்கிழமை விழுந்தார். “ஐயோ, இடுப்பு!”

விழுந்த பிறகுதான் பார்த்தார், கீழே மெத்தை விரித்திருந்தது. சோபாவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு மெத்தை. தலைமாட்டில் தைலம், வெந்நீர்ப் பை.

“ஆறு மணின்னு நெனச்சேன். ஆறே கால் ஆயிடுச்சே,” என்றாள் மனைவி. “எழுந்திருங்க. நாளைக்குச் சீக்கிரம் கிளம்பணும்.”

மூன்று பீரோவும் மூன்றாவது மாடி ஏறின. இடுப்பு நிஜமாகவே பிடித்துக்கொண்டது. தைலத்தை மச்சான் தேய்த்துத் தீர்த்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை நொண்டிக்கொண்டே பள்ளிக்குப் போனார். வகுப்பாசிரியை வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டார்.

“உங்க வீட்டம்மாவுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல சார். வியாழக்கிழமை அவங்க வந்துட்டா இந்தப் பொண்ணு வாயை மூடுறதே இல்ல!”

“எந்த வீட்டம்மா?”

“உங்க வீட்டம்மாதான். நீங்க சேர்ந்த மறுநாளே வந்து, ‘அவர் பாக்கிற குழந்தையையே எனக்கும் குடுங்க’ன்னு கேட்டு வாங்கினாங்களே. சொல்லலையா?”

சிநேகிதி யாரென்று அவருக்கு இப்போது புரிந்தது. கோபம் வரவில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே! குட்டி நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

“ஏம்மா, நீயுமா?”

பெட்டகம் வண்ணக்குச்சியைக் கீழே வைத்தது. அவரிடம் முதன்முதலாக வாயைத் திறந்தது.

“தாத்தா, நீங்க எந்தப் பக்கம் விழுவீங்கன்னு அக்கா கேட்டாங்க, எனக்குத் தெரியல. அடுத்த தடவை விவரமா சொல்லுங்க.”