ஒன்பது சூரியன்

“நேத்து சாயங்காலம் நம்ம தெருவுல ஒன்பது சூரியன் உதிச்சுது டாக்டர். உதிக்க வச்சது நான்தான்.”

கம்பவுண்டர் இதைச் சொன்னபோது டாக்டர் வண்டியை விட்டு முழுசாக இறங்கக்கூட இல்லை. ஒரு கால் தரையில், ஒரு கால் வண்டியில். வெளியூரில் ஏதோ கூட்டத்துக்குப் போனவர் அப்போதுதான் திரும்பியிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு முழு மரத்தின் பாதி கிடந்தது. மின்கம்பி ஊஞ்சல் மாதிரி தொங்கியது. சுவரோரம் ஓர் இரும்பு பீரோ நின்றது. அதற்குக் காவலாகக் கம்பவுண்டரின் மனைவி நின்றாள்.

“ஒரு சூரியனுக்கே இங்க மண்டை பொளக்குது. ஒன்பதா?” என்றார் டாக்டர்.

“ஊரைக் கேளுங்க.”

ஊர் மொத்தமும் தலையாட்டியது. வாட்ச்மேன் பெரியவர் மட்டும் ஆட்டவில்லை. அவர் எதற்கும் ஆட்டமாட்டார். மழை பெய்கிறது என்றால்கூட நனைந்து பார்த்துவிட்டுத்தான் குடை விரிக்கிற ஆள்.

நடந்தது இதுதான். இதில் ஓர் எழுத்துகூட மிகை கிடையாது. இருந்தால் அது நடந்ததிலேயே இருந்த மிகை.

அந்த ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் வருவது, மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்கு வருவது போல. சொல்லாமல் வரும், வந்த வேகத்தில் கோபித்துக்கொண்டு போகும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நர்ஸ் பிரசவம் பார்த்த ராத்திரிகள் உண்டு. “முக்கும்மா, முக்கு” என்பது “ம்ம்ம், ம்ம்” என்றுதான் கேட்குமாம். பிள்ளைகள் அதைப் புரிந்துகொண்டு தாங்களாகவே பிறந்துவிட்டன.

இந்தக் கஷ்டம் தீரத்தான் கூரைமேல் சோலார் பேனல் வந்தது. மாட்டிய மெக்கானிக், வாட்ச்மேனைக் கூப்பிட்டு, “விலை ஒசந்த சாமான் பெரியவரே. கண்ணு மாதிரி பாத்துக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

“இது எதுக்கு?” என்று கேட்டார் வாட்ச்மேன்.

“வெயில்ல இருந்து கரண்ட் எடுக்கும்” என்றார் கம்பவுண்டர்.

“வெயில்ல துணி காயும், தொண்டை காயும். கரண்டு எப்படிக் காயும்? யாரோ நல்லா ஏமாத்திட்டுப் போயிருக்கான் ஐயா.”

பத்து நாள் எல்லாம் ஜொலித்தது. நேற்று மத்தியானம் நர்ஸ் ஓடி வந்தாள்.

“அண்ணே, கரண்டும் இல்ல, சோலாரும் இல்ல. தடுப்பூசி வச்சிருக்கிற குளிர்பெட்டி நின்னு போச்சு. ஆறு டிகிரி காட்டுது.”

கம்பவுண்டரின் கையிலிருந்த இருமல் மருந்து தரையில் கொட்டியது. எட்டு டிகிரியைத் தாண்டினால் மொத்த மருந்தையும் குப்பையில்தான் போடவேண்டும். விடிந்தால் தடுப்பூசி நாள். பக்கத்து ஊரில் தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது. ஊசிக்கு வரப்போகும் குழந்தைகளில் கம்பவுண்டரின் பேத்தியும் ஒருத்தி.

“அதோட அண்ணே, கட்டிலைச் சுத்திக் கட்டியிருந்த நீலத் துணியை நாலு நாளாக் காணோம். மறைப்பு இல்லாம ஒருத்தரும் சட்டையைக் கழட்ட மாட்டேங்கறாங்க. நானும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்.”

“வீடு பத்தி எரியுது, நீ விளக்குமாத்தைத் தேடுறியேம்மா” என்று சொல்லிவிட்டு அவர் மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

“பேட்டரி காலியாகியிருக்கும் சார். பேனல்ல வெயில் சரியாப் படல. தூசி இருக்கா, நிழல் விழுதா பாருங்க. நான் நாளைக்கு வர்றேன்” என்றான் அவன்.

கம்பவுண்டருக்கு முக்காலியில் ஏறினாலே தலைசுற்றும். வாட்ச்மேனை ஏணியில் ஏற்றினார். போன வேகத்தில் இறங்கி வந்தார் வாட்ச்மேன்.

“ஒரு பொட்டுத் தூசி இல்ல. கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு.”

கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தார் கம்பவுண்டர். நீலமாகப் பளிச்சென்றுதான் தெரிந்தது. இருந்தாலும் வாட்ச்மேனின் கண்ணில் அவருக்கு நம்பிக்கை இல்லை. தொட்டியில் குழாயைச் செருகி, கூரையைப் பார்த்துத் தண்ணீரைப் பீய்ச்சினார். போன தண்ணீர் வாசல் பெஞ்சில் வந்து இறங்கியது. காய்ச்சல்காரர்களுக்கு ஜலதோஷம் பிடித்தது. ஜலதோஷத்துக்கு வந்தவர்கள் காய்ச்சலோடு வீடு திரும்பினார்கள். சோலார் வரவில்லை.

“ஆறரை” என்றாள் நர்ஸ் உள்ளேயிருந்து.

“அப்ப நிழல்தான்” என்று முடிவு கட்டி, வாசல் மரத்துக்கு ஆள் ஏற்றினார். கிளை பாதி அறுபட்டபோது அதிசயமாகக் கரண்ட் வந்தது. பெட்டி உறுமியது. நர்ஸ் கைதட்டினாள்.

“நிறுத்துப்பா, வந்துடுச்சு” என்று கம்பவுண்டர் கத்துவதற்கும், கிளை மின்கம்பிமேல் விழுவதற்கும் சரியாக இருந்தது.

லைன்மேனுக்குப் போன் போனது. அவரும் நாளைக்கு வருவதாகத்தான் சொன்னார். அந்த ஊரில் எல்லாருக்கும் நாளைக்குத்தான் வேலை.

“ஏழு அண்ணே.”

கம்பவுண்டர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பெஞ்ச் ஈரம் என்பதுகூட உறைக்கவில்லை. வெயில் படவில்லை என்று சொன்னான். தூசியும் இல்லை, நிழலும் இல்லை. அப்படியானால் வெயிலே போதவில்லை. போதவில்லை என்றால் என்ன செய்வது? குழம்பு போதவில்லை என்றால் என்ன செய்வோம், பக்கத்து வீட்டில் வாங்குவோம். வெயிலுக்கு எங்கே போவது?

எதிரே முடிதிருத்தும் கடைக் கண்ணாடியிலிருந்து வெயில் தெறித்து அவர் கண்ணைக் குத்தியது.

அவர் எழுந்த வேகத்தில் பெஞ்ச் கவிழ்ந்தது.

“எல்லாரும் வீட்டுல இருக்கிற கண்ணாடியை எடுத்துட்டு வாங்க. பேனலைப் பாத்துத் திருப்புங்க. வெயில் பத்தலன்னா நாம அனுப்புவோம்.”

முடிதிருத்துபவர் சுவர்க் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தார். அவர் பின்னாலேயே கழுத்தில் துண்டோடு ஒரு வாடிக்கையாளரும் வந்தார். “இன்னொரு பக்க மீசை எங்கய்யா?” என்று அவர் கேட்டதற்கு, “இந்தப் பக்கத்தை யாருக்கும் காட்டாதீங்க” என்று பதில் வந்தது. தையல்காரர் ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கி வந்தார். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து இன்னும் ஐந்து வந்தன. கம்பவுண்டர் வீட்டுக் கண்ணாடி பீரோவோடு ஒட்டியது, பிரியவில்லை. ஆறு பேர் பீரோவையே சுமந்து வந்தார்கள்.

“பீரோவைக் குடுக்கிறேன், சாவியைக் குடுக்க மாட்டேன்” என்று கூடவே வந்தாள் அவர் மனைவி.

“உன் பட்டுத் துணியை வச்சா கரண்ட் எடுக்கப்போறேன்?”

“கல்யாணத்தன்னைக்கு எங்கப்பாகிட்டயும் இப்படித்தான் எதையோ சொன்னீங்க.”

முதல் வெளிச்சம் குறி தவறிப் பேருந்து ஓட்டுநரின் கண்ணில் பாய்ந்தது. பேருந்து நட்ட நடுத்தெருவில் நின்றது. அடிக்க இறங்கி வந்தவர், விஷயத்தைக் கேட்டதும் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். “என் பையனுக்கும் நாளைக்குத்தான் ஊசி” என்றார்.

“ஏழே முக்கால் அண்ணே. இனிமே தாங்காது.”

மறுபடி கூரைமேல் ஏறியிருந்த வாட்ச்மேன், “வேணாம்யா, சொன்னாக் கேளுங்க” என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் எதைத்தான் வேண்டும் என்றிருக்கிறார்? யாரும் சட்டை செய்யவில்லை.

“எல்லாரும் ஒண்ணா. இப்ப.”

ஒன்பது கண்ணாடியும் ஒரே இடத்தைப் பார்த்துத் திரும்பின. கூரைமேல் ஒன்பது சூரியன். காக்கைகள் விடிந்துவிட்டது என்று கத்தின. விடிந்து வெகுநேரம் ஆனது நினைவுக்கு வந்து வெட்கப்பட்டு அடங்கின. பேனலிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. பார்த்தவர்கள் எல்லாம் கண் கூசி, முகத்தைப் பொத்திக்கொண்டார்கள்.

உள்ளே பெட்டி “ம்ம்ம்” என்றது.

கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் கதவுக்கு ஓடி வந்தாள். “ஏழரைக்கு இறங்கிடுச்சு அண்ணே.”

கம்பவுண்டர் அழுதார். சிரித்துக்கொண்டேதான் அழுதார். பாதி மீசைக்காரர் அவரைத் தோளில் தூக்கப் பார்த்து, கனம் தாங்காமல் இறக்கிவிட்டார். கம்பவுண்டரின் மனைவி மட்டும், “சரி, பீரோவை யார் திரும்பத் தூக்குறது?” என்று கேட்டாள். அதற்கு ஆள் கிடைக்கவில்லை.

எல்லாவற்றையும் கேட்டு முடித்த டாக்டர் மெதுவாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

“ஒண்ணுமே புரியல. தூசி இல்ல, நிழல் இல்ல, நேத்து நல்ல வெயில். தானாவே வந்திருக்கணும். கண்ணாடி காட்டித்தான் வந்துச்சுன்னா எப்படி நம்புறது?”

“ஊசி போட்டுக்கிட்டு அழுவுதே, அந்தப் பிள்ளைங்களைக் கேளுங்க” என்றார் கம்பவுண்டர். உள்ளே அவர் பேத்தியின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது.

டாக்டரின் பார்வை வாட்ச்மேனிடம் போனது. “பெரியவரே, சூரியன்ல கரண்ட் வரும்கிறதையே நம்பாத ஆள் நீங்க ஒருத்தர்தான். நீங்க சொல்லுங்க. இவர் சொல்றது நடந்துச்சா?”

வாட்ச்மேன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அக்குளில் மடித்து வைத்திருந்த ஒரு நீலத் துணியை எடுத்து நர்ஸிடம் நீட்டினார்.

“நடந்தது நெசந்தாங்க டாக்டர், நான் ஒத்துக்கறேன். விலை ஒசந்த சாமானாச்சே, வெயில் பட்டுச் சாயம் போயிடக் கூடாதுன்னு நாலு நாளா இதைத்தான் அது மேல இழுத்துக் கட்டி வச்சிருந்தேன். நேத்து இவங்க அடிச்ச வெளிச்சத்துல துணி பொகைய ஆரம்பிச்சுது, பத்திக்குமேன்னு பதறி உருவினேன் பாருங்க, அந்த நிமிசமே கரண்டு வந்துடுச்சு.”