தங்கமும் பவளமும் பறந்து போன கதை

பட்டறைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்தேன். உள்ளே ‘சளக்’ என்றது. நெற்றி வழியாக ஏதோ வெதுவெதுப்பாக இறங்கி வந்து மூக்கு நுனியில் நின்றது. தொட்டுப் பார்த்தேன். மஞ்சள் கரு.

“சரிதா!”

என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்தும் என் மேல் இவ்வளவு பாசமா என்று நெகிழ்ந்து போனேன்.

“அய்யோ, தங்கம் போட்ட மொத முட்டைங்க! பாத்து எடுக்க மாட்டீங்களா?”

அந்த நிமிடம் முடிவு செய்தேன். இந்த வீட்டில் இனி கோழி இருக்கக் கூடாது.

என் பெயர் இளவழகன். இளமை போய்விட்டது, அழகு வரவே இல்லை. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரி. இந்தியா முழுக்க ஓடுகிற லாரிகளுக்கு பாடி கட்டியவன் நான். வீட்டில் மட்டும் நான் நோபாடி.

எங்கள் ஊரில் கோழிக்குப் பஞ்சமில்லை. லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் எல்லாம் ஊருக்கு வெளியே ஷெட்டில், மரியாதையாக, கூண்டுக்குள் இருக்கின்றன. எங்கள் வீட்டுக் கோழிகள் இருப்பது ஹாலில். அதுவும் சோபாவில். அதுவும் ஃபேனுக்கு நேர் கீழே.

எங்கள் மகள் தீபிகா கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. சரிதா சந்தையிலிருந்து இரண்டு நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வாங்கி வந்தாள். பொழுதுபோக்கு என்றாள். சரி என்றேன். குஞ்சுகள் கூடையில் இருந்தன. பிறகு கூடத்தில் நடந்தன. பிறகு கட்டிலில் ஏறின. தங்கம், பவளம் என்று பெயர் வைத்தாள். தரை அசிங்கமாகிறதே என்று நான் வாய் திறந்த மறுநாள், தையல் மிஷினில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் ஜட்டி தைத்துவிட்டாள். துணி எங்கே கிடைத்தது என்று கேட்டேன். என் பட்டு வேட்டியைப் பீரோவில் தேட வேண்டாம் என்று பதில் வந்தது.

ராத்திரி செய்திகள் பார்க்கக்கூட எனக்கு உரிமை இல்லை.

“நியூஸ் வெக்காதீங்க. பவளம் பயந்துக்குது.”

“சீரியல்ல அந்த அழுகை அழுவறாங்களே, அதுக்குப் பயப்படலையா?”

“அது பழகிருச்சுங்க.”

ஒருநாள் சாயங்காலம் அடுப்படியிலிருந்து, “சாமி, சோறுண்ண வாங்க சாமி” என்று தேன் சொட்டக் கூப்பிட்டாள். கை கழுவிக்கொண்டு ஓடினேன். தட்டும் இருந்தது, சோறும் இருந்தது. எனக்கு முன்னால் தங்கமும் பவளமும் தட்டைச் சுற்றி நின்றிருந்தன.

“உங்கள யாருங்க கூப்பிட்டா?” என்றாள்.

‘கோழியா, நானா, ஒரு முடிவு சொல்லு’ என்று கேட்டிருக்கலாம். அவள் முடிவு சொல்லிவிட்டால்? அதனால் கேட்கவில்லை. வேறு வழி யோசித்தேன்.

சரிதா ஒரு வளைகாப்புக்காக ஓமலூர் போக வேண்டி வந்தது. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவாள். கோழிகளை என்னிடம் ஒப்படைத்து, நூறு பத்திரம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். பஸ் தெருமுனை திரும்பியதும் என் சினேகிதர் பரக்கத் அலிக்குப் போன் போட்டேன். மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னாலேயே வீடு. பரந்த மனசு, பரந்த வாசல்.

“பாய், ஒரு உதவி. ஊட்டுல இருக்கற தங்கத்தையும் பவளத்தையும் கொண்டாரேன். கொஞ்ச நாளைக்கு உங்க ஊட்டுல இருக்கட்டும். சரிதாவுக்குத் தெரியக் கூடாது.”

 மறுமுனையில் கடை ஷட்டரை இறக்குகிற சத்தம் கேட்டது.

“ஏம்ப்பா அழகு, ரெய்டா?” என்றார் ரகசியமாக.

“அதெல்லாம் இல்ல பாய்.”

“எவ்வளவு பவுனு இருக்கும்?”

“ரெண்டும் சேந்தா மூணு கிலோ வரும்.”

“யா அல்லா! லாரிக்கு பாடி கட்டறதுல அவ்வளவு வருதா?”

நேரில் போய் அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. கோழிகளை வாங்கி வைத்துக்கொண்டார். உயிரே போனாலும் சரிதாவிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தார். பரக்கத் அலி சொன்ன சொல் மாறாதவர்.

சாயங்காலம் சரிதா வந்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன்.

“கதவத் தொறந்தேன் சரிதா. படக்குனு பறந்துருச்சுங்க.”

பயம் வந்தால் நானும் பெண்டாட்டிக்கு ‘ங்க’ போடுவேன்.

அவள் என்னைப் பார்த்தாள். காலியான சோபாவைப் பார்த்தாள்.

“எந்தப் பக்கம்?”

“மோகனூர் ரோட்டுப் பக்கம்.”

“ரெண்டுமா?”

“ரெண்டுமேதான்.”

“ஜட்டியோடயா?”

இதை நான் யோசித்து வைக்கவில்லை. “ஆமா” என்றேன்.

அழுவாள், கத்துவாள், பெட்டி கட்டிக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போவாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. “போனாப் போகுது விடுங்க. எனக்கு நீங்க இருக்கீங்கல்ல” என்றாள்.

அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் விடிவதற்கு முன்பே போர்வையை உருவினாள். “எந்திரிங்க சாமி. வெளிய கொஞ்சம் நடந்துட்டு வாங்க.” நடந்துவிட்டு வந்தேன். இட்லி இருந்த இடத்தில் கம்பங்கூழ் இருந்தது. பக்கத்தில் பொடிப்பொடியாக நறுக்கிய கீரை, பச்சையாக. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைப் பட்டறையில் திறந்தேன். முளைகட்டிய பயறு. சாயங்காலம் டீக்கடையில் நான்கு பேரோடு நிற்கும்போது போன் வந்தது.

“இருட்டப் போகுது. ஊட்டுக்கு வந்து அடையுங்க.”

‘அடையுங்க’ என்றாள். நானும் போய் அடைந்தேன்.

வாசலில் நிற்க வைத்து என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். “கொஞ்சம் மந்தமா இருக்கறீங்க” என்று சொல்லி, சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள் எல்லாம் சேர்த்து அரைத்த ஒரு உருண்டையை வாயில் திணித்துத் தொண்டையைத் தடவிவிட்டாள். அந்த உருண்டையை எனக்குத் தெரியும். பவளத்துக்குச் சளி பிடித்தபோது அம்மியில் அரைத்துக் கொடுத்தவனே நான்தான்.

இப்படியே நாட்கள் ஓடின. எட்டு மணிக்கு விளக்கை அணைத்தாள். சீரியல் பார்க்கும்போது என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பிடரியைச் சொறிந்துவிட்டாள். அது கொஞ்சம் சுகமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மனிதனுக்கு மானம் என்று ஒன்று உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தண்ணீர் குடிக்க எழுந்தவன், தீபிகாவின் அறையில் சரிதாவைப் பார்த்தேன். கோழிகளுக்கு மாற்றுக்குத் தைத்து வைத்த குட்டி ஜட்டிகளை ஒவ்வொன்றாக மடித்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். மகளின் பழைய பள்ளிக்கூட உடுப்புக்குப் பக்கத்தில். என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர் குடிக்காமலே திரும்பினேன். சட்டையை மாட்டிக்கொண்டு பரக்கத் அலி வீட்டுக்கு வண்டியை விட்டேன்.

வாசலில் கோழிகள் இல்லை. கொல்லையில் இல்லை. குப்பைக் கூடையோரம் இறகுகள் கிடந்தன. அடுப்படியிலிருந்து கோழிக் குழம்பு வாசனை கமகமவென்று வந்தது.

அடுப்படிக்கு ஓடக் கால் எடுத்தேன். காலென்றதும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. இரண்டு நாள் முன்புதான் பாய் கடையில், அவர் வீட்டுச் சாப்பாட்டிலிருந்து ஒரு கால் துண்டை எடுத்து எனக்கு வைத்தார். கூழிலிருந்து தப்பித்த சந்தோஷத்தில் எலும்பைக்கூட விடவில்லை நான். அது யார் கால்? தங்கத்தினுடையதா, பவளத்தினுடையதா?

“ஏனுங்ணா, இப்படி வேர்த்துக் கெடக்கறீங்க?” பாயின் மனைவி ஷஹர்பானு கரண்டியோடு வந்தாள்.

“பானும்மா, கோழி…”

“இன்னும் வேகலீங்ணா. உக்காருங்க.”

நான் உட்காரவில்லை, விழுந்தேன். “என் தங்கத்த வேக வெச்சிட்டீங்களே!”

ஷஹர்பானுவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நல்லாப் பேசறீங்க! அது கறிக்கடையில வாங்குனது. நம்பிக் குடுத்துட்டுப் போன உசுரக் கொழம்பு வெப்பமாக்கும்? மாடிக்கு வந்து பாருங்க.”

இரண்டு இரண்டு படியாகத் தாவினேன். மொட்டை மாடியில், கொடியில் காய்ந்த புடவையின் நிழலில், தங்கமும் பவளமும் படுத்திருந்தன. குண்டாக, பளபளவென்று. பக்கத்தில் ஒரு சிவப்புச் சேவல் என்னை மேலும் கீழும் பார்த்தது. தங்கம் எழுந்து வந்து என் செருப்பைக் கொத்தியது. பவளம் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்த அலட்சியத்தைப் பார்த்துத்தான் எனக்கு உயிர் வந்தது. இரண்டையும் வாரி அணைத்துக்கொண்டு அழுதேன். ஷஹர்பானு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவளும் அழுகிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் கதையைத் தயார் செய்துகொண்டேன். வாசலில் பெட்டியைத் திறந்ததும் இரண்டும் பறந்து போய்ச் சோபாவில் ஏறின. சரிதா வாரி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் சிரித்ததைப் பார்த்ததும் ஒரு லாரி லோடு பாரம் என் மேலிருந்து இறங்கியது. இனி இட்லி உண்டு. டீக்கடை உண்டு. உருண்டை இல்லை.

“எங்கீங்க கெடச்சுது?”

“மோகனூர் ரோட்டுல பெரிய முள்ளுப் பொதரு சரிதா. ஒரு வாரமா சலிக்காமத் தேடினேன். உள்ள தவழ்ந்து போனேன். ஒரு நாய் வேற. அதோட சண்டை போட்டு…”

“அடடா.”

“முள்ளு குத்தி ரத்தமே வந்துருச்சு.”

“எங்க, காட்டுங்க?”

“ஆறிருச்சு.”

அவள் பவளத்தின் பிடரியைச் சொறிந்துகொண்டே பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு சொன்னாள்:

“பாவம், எத்தன கஷ்டப்பட்டிருக்கீங்க. அந்தச் செவப்புச் சேவலையும் நம்மளுக்கே தர்றதா பானுக்கா சொன்னாங்க. தெனமும் கோழிக்குத் தீனி வெக்கப் போறப்ப எடுத்துட்டு வர மறந்துட்டே இருந்தனுங்க. நாளைக்கு அந்தப் பொதருக்குள்ள மறுக்காத் தவழ்ந்து போயி, அதையும் தேடிப் புடிச்சுட்டு வந்துருங்க.”