நேற்று வரும் விமானம்

வாகட், புனே
புதன்கிழமை, மாலை 5.10

அன்புள்ள தம்பி பாஸ்கருக்கு,

அண்ணன் கந்தசாமி எழுதுவது. இங்கு என்னைத் தவிர அனைவரும் நலம். நீ இப்போது எந்த ஊரில் இருக்கிறாய் என்றே தெரியாமல் உன் நலம் விசாரிப்பது முறையா என்று தெரியவில்லை, இருந்தாலும் விசாரிக்கிறேன். இன்று மும்பையில் இறங்கி, வாசலில் என்னைக் காணாமல், அடுத்த விமானத்திலேயே திரும்பியிருப்பாய் என்று ஊகித்து, இதை உன் சான் பிரான்சிஸ்கோ முகவரிக்கே அனுப்புகிறேன். நீ போனில் கூப்பிட்டால் என்ன பதில் சொல்வது என்று பயந்து, போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன்.

பதினொரு வருஷத்துக்கு முன்பு நீ வந்தபோது, பன்னிரண்டரை மணி நேர வித்தியாசத்தைக் கூட்டுவதற்குப் பதில் கழித்துவிட்டு, ஒரு நாள் முன்னதாகவே போய்க் காத்திருந்து திரும்பிவிட்டேன். "நான் வர்றது பிடிக்கலேன்னா நேரா சொல்லிடுங்க அண்ணா" என்றாய். அப்புறம் நீ வரவே இல்லை. அதனால் இந்த முறை வாசலில் நின்றே தீருவது என்று, தூரம் பதிமூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், வேகம் எண்ணூற்றைம்பது, எதிர்க்காற்றுக்கு ஏழு நிமிஷம், ஆகப் பதினாறு மணி நேரம், நீ காலை பத்துக்குக் கிளம்பினால் இங்கே மறுநாள் பிற்பகல் இரண்டரை என்று மூன்று முறை கணக்குப் போட்டேன். மூன்று முறையும் ஒரே விடை வந்ததில்தான் சந்தேகமே வந்தது.

நீ கிளம்பும் நாள் மட்டும் தெரியவேண்டியிருந்தது. நேற்றுக் காலை நீ கூப்பிட்டபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்த பேத்தி மீனு குளியலறைக் கதவைத் தட்டி, "தாத்தா, சின்னத் தாத்தாவுக்கு நேத்து ஃப்ளைட்!" என்று கத்தினாள். திங்கட்கிழமையே கிளம்பியவன் செவ்வாய் இரண்டரைக்கு இறங்கிவிடுவானே என்று தலைகூடத் துவட்டாமல் மும்பை பஸ் ஏறினேன். வழியில் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. வானத்தில் இருப்பவன் எப்படி எடுப்பான் என்று அதையும் ஓர் ஆதாரமாக வைத்துக்கொண்டேன். உன் பெயரைத் தமிழில் எழுதிய அட்டையோடு நின்றபோது, பக்கத்தில் நின்ற டிரைவர் இர்பான், "சாச்சா, யே கௌன்சி கம்பெனி ஹை?" என்று, இது எந்தக் கம்பெனி எனக் கேட்டார். "கம்பெனி நஹி, சோட்டா பாயி" என்று, என் தம்பி என விளக்கினேன். ஆறு மணிக்கு அவர் தன் அட்டையை மடித்துக்கொண்டு, "கல் ஆயேகா, சாச்சா" என்று, நாளைக்கு வருவாய் என ஆறுதல் சொன்னார். நான் நம்பவில்லை. பழைய கோபத்தில் நீ பயணத்தையே ரத்து செய்துவிட்டாய் என்று முடிவுகட்டி வீடு திரும்பினேன்.

இன்று நாலு மணிக்கு, "மீனு, நேத்து பிரஷர் மாத்திரை போட்டேனா?" என்று கேட்டேன்.

"நாளைக்கே போட்டீங்களே தாத்தா, டின்னர் சாப்பிட்டு."

"நாளைக்கா?"

"கல் தாத்தா, கல்! நேத்து, நாளைக்கு, எல்லாம் ஒண்ணுதானே?"

இந்தியில் நேற்றும் கல், நாளையும் கல். குழந்தைக்குத் தமிழிலும் அப்படியே. அவள் கத்திய 'நேத்து', அங்கே திங்கள் இரவில் நீ சொன்ன 'நாளைக்கு'; செவ்வாய் கிளம்பிய நீ இன்று இறங்கி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அவளைக் குறை சொல்லாதே. "நேத்து ஃப்ளைட்" என்பதில் வினைச்சொல் இல்லை. அதைக் கவனிக்காதது என் தவறு.

ஆசி கூறும் தகுதி இன்னும் எனக்கு மிச்சமிருந்தால், நீயும் உன் மனைவி சஹானாவும் நீடூழி வாழ்க.

உன் அண்ணன்,
கந்தசாமி

பி.கு.: மணி 7.20. உறையில் முகவரி எழுதும்போது காலிங் பெல் அடித்தது. மருமகள் காவ்யா கதவைத் திறந்தாள். "அண்ணன் எங்கம்மா? இன்னும் கணக்குப் போட்டு முடியலையா?" உன் குரல்தான். "தாத்தா நாளைக்கு ஏர்போர்ட்ல நின்னாங்க, ஃபுல் டே!" என்று மீனு எனக்காக வாதாடுகிறாள். என் அறையிலிருந்து ஹாலுக்குப் பதினோரு அடி. இதைக் கதவுக்கடியில் தள்ளுகிறேன். கோபமில்லையென்றால் இந்தப் பதினோரு அடியையும் நீயே வந்துவிடு. நான் கிளம்பினால் ஒரு நாள் முன்னதாகவே வந்து திரும்பிவிடுவேன்.