சுத்த சைவ வீடு

தெருமுனையில் சுப்புராயன் குடையை மடக்கிக்கொண்டிருந்தார். இங்கே அடுப்பில் நெத்திலிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"பிலோமி, அந்தாளு வராரு" என்றான் கஸ்பார், ஜன்னலை விட்டு நகராமல்.

"எந்தாளு?"

"திருவொத்தியூர் வூட்டுக்காரரு. சட்டிய மறை."

ஒற்றை அறைக் குடித்தனத்தில் கொதிக்கிற மீன் குழம்பை எங்கே மறைப்பது? கட்டிலுக்குக் கீழே தள்ளினால் குழம்பு மறையும், வாசனை மறையாது. பிலோமி ஒரு நொடிதான் யோசித்தாள். பழந்துணியால் சட்டியைப் பிடித்துத் தூக்கி, தாழ்வாரத்துக் குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் நீட்டினாள். "தேவகிருபை அக்கா, இத்த புடி. அப்பால சொல்றேன்."

திரும்பும் வேகத்தில் முழங்கை பட்டு, பலகைமேல் இருந்த சாம்பார்ச் சட்டி விழுந்து உடைந்தது. அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கு ஒரு மனிதர் வருவதற்கு இவ்வளவு அமளியா என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

கஸ்பார் துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டுகிறவன். கப்பல் வயிற்றிலிருந்து மூட்டைகளைத் தூக்கிக் கரையில் இறக்குகிற வேலை. ராயபுரம் பனைமரத்தொட்டியில், எட்டுக் குடித்தனத்துக்கு ஒரு குழாய் இருந்த வீட்டில் அவனுக்கு ஒரு போர்ஷன். அறுபத்தேழாம் வருஷம் அந்த வீட்டை இடித்துக் கிடங்கு கட்டப்போவதாகவும், ஈஸ்டர் கழிந்ததும் எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்றும் சொந்தக்காரர் சொல்லிவிட்டார்.

"இனிமேல்பட்டு வாடகை வூட்ல கால் வெக்க மாட்டேன்" என்றான் கஸ்பார். அவன் ஒன்று சொன்னால் சொன்னதுதான். பீடியை விடுகிறேன் என்று ஒருநாள் சொன்னான், கையில் இருந்த பாதி பீடியையே கீழே போட்டுவிட்டான்.

தரகர் சௌக்கத் அலிதான் திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டைக் காட்டினார். இரண்டு அறை. பின்கட்டில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. அதைத் தாண்டிச் சந்தில் திறக்கும் ஒரு பின்கதவு. பிலோமி ஒரு வாளி இறைத்து, ஒரு கை அள்ளிக் குடித்தாள். அங்கேயே அழுதுவிட்டாள். விடியற்காலையில் குழாயடியில் குடத்தோடு சண்டை போட்டே வயதாகிப் போனவள் அவள்.

"இந்த வூடுதான்யா" என்றாள்.

பின்கதவருகே இரண்டு பூனைகள் படுத்திருந்தன. நகரக்கூட முடியாத கொழுப்பு. "இன்னாங்க சாப்புடுதுங்க இதுங்க?" என்று கேட்டாள் பிலோமி.

"தயிர்சாதம்" என்றார் சுப்புராயன்.

கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறைய விபூதி. மனைவி காலமாகிவிட்டதால் காஞ்சிபுரத்தில் மகளோடு போய் இருப்பதாகத் திட்டம். விலையில் அவர் கறாராக இல்லை. ஒரே ஒரு விஷயத்தில்தான் கறார்.

"ரெண்டு பக்கமும் என் அண்ணன் தம்பி வீடு. மாமிசம் புழங்கற ஆளு இங்க வந்தா என் பேரு கெட்டுப்போயிடும். உங்க வீட்டுல எப்படி?"

"எங்க வூட்லயா? மாம்சம் வாசப்படி ஏறாதுங்க" என்றான் கஸ்பார்.

அவன் பொய் சொல்லவில்லை. அது ஈஸ்டருக்கு முன் கறி விலக்கும் தபசு காலம். சாம்பல் புதனிலிருந்து ஆட்டுக்கறி, கோழி எதுவும் அவன் வீட்டு வாசற்படி ஏறவில்லை. மீன் ஏறியது. மீனையும் மாமிசத்தில் சேர்த்துக்கொண்டால் ராயபுரத்தில் ஒருத்தரும் தபசு இருக்க முடியாது.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் சௌக்கத் அலி மெதுவாகக் கேட்டார். "மாமு, நீ எப்போ சைவமானே?"

"நான் எங்க ஆனேன் பாய்?"

"மாம்சம் ஏறாதுன்னியே."

"ஏறலியே. மீனுதான் ஏறுது."

சௌக்கத் அலி குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அவுங்க கணக்குல மீனும் மாம்சம்தான் மாமு."

"மீனு எப்பிடி பாய் மாம்சமாவும்? அது பாட்டுக்குத் தண்ணில கீது."

"இத்த அவராண்ட போய்ச் சொல்லு. வூடு பூடும்."

கஸ்பார் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தான். கிணற்றடியில் பிலோமி நின்ற நிலை கண்ணை விட்டுப் போகவில்லை. காசிமேடு தாண்டியதும் முடிவெடுத்தான். "ரிஜிஸ்டர் ஆவுற வரிக்கும் நாங்க சைவம்."

ஆனால் அன்று காலையிலேயே பிலோமி நெத்திலி வாங்கி ஆய்ந்து வைத்திருந்தாள். வாங்கியதை எறிய மனசு வரவில்லை. இதுதான் கடைசி என்று வீடு திரும்பியதும் அடுப்பில் ஏற்றினாள். அந்தக் கடைசிக் குழம்புதான் இப்போது சுவர் தாண்டியிருந்தது.

சுப்புராயன் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மூச்சை ஒருமுறை நன்றாக இழுத்தார்.

"ராயபுரத்துல ஒரு வேலை. அப்படியே பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். என்ன கஸ்பார், ஏதோ வாசனை?"

"பக்கத்து வூட்லங்க." அந்த நிமிஷத்துக்கு அது உண்மைதான்.

"நெத்திலி போல இருக்கு."

"எங்களுக்கு இன்னாங்க தெரியும்."

"பாவம், இந்த வாசனையில நீங்க எப்படித்தான் காலம் தள்றீங்களோ" என்றார் சுப்புராயன். புழுக்கமாக இருக்கிறது என்று ஸ்டூலைத் தாழ்வாரத்துப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

கோர்ட்டில் இருந்தவர், வாயைப் பிடுங்குகிறார் என்று கஸ்பார் புரிந்துகொண்டான். அந்த நேரம் பார்த்து தேவகிருபை ஒரு கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"பிலோமி, கொழம்பு நல்லாத்தான் கீது. உப்புதான் ஒரு கல்லு கம்மி. உனக்கு எடுத்தாந்தேன்."

"அக்கா, நாங்க இதெல்லாம் தொட மாட்டோம்னு உனுக்குத் தெரியாதா?" என்றான் கஸ்பார்.

"இன்னாடா பேசற? உன் பொண்டாட்டி குடுத்த கொழம்புடா."

கஸ்பார் சுப்புராயன் பக்கம் குனிந்து, "அக்காவுக்கு வெயில் வந்தா தல கொஞ்சம் ஒரு மாதிரி ஆயிடும்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். தேவகிருபைக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"யாருக்குடா தல ஒரு மாதிரி? இனிமே இந்த வூட்டுக்கு ஒரு தீக்குச்சி குடுத்தேன்னா என்னன்னு கேளு" என்று சொல்லி அவள் கிண்ணத்தோடு போய்விட்டாள். காலிச் சட்டி சற்று நேரத்தில் வாசலில் வந்து உட்கார்ந்தது.

கிண்ணம் போன திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த சுப்புராயன், கடைசியில் எழுந்தார். "ஈஸ்டருக்கு முந்தி, வர்ற ஞாயித்துக்கிழமை குருத்து ஞாயிறுன்னு சொல்றீங்களே, அன்னிக்கு உங்க வீட்டுல கை நனைக்கலாம்னு இருக்கேன். மறுநாளே ரிஜிஸ்டர் ஆபீஸ் போயிடலாம்."

அவர் தலை மறைந்ததும் கஸ்பார் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். "சந்தேகம் வந்துச்சு பிலோமி. துன்னு பாத்து சோதிக்கப் போறாரு."

"சோதிக்கட்டும்யா. எனுக்கு இன்னா, கத்திரிக்கா புளிக்கொழம்பு வெக்கத் தெரியாதா?" என்ற பிலோமி, அப்போதுதான் தரையில் கிடந்த ஓடுகளைப் பார்த்தாள்.

அவளிடம் இருந்தவை இரண்டு மண்சட்டிகள். ஒன்று சாம்பாருக்கு, ஒன்று மீனுக்கு. கல்யாணம் ஆனதிலிருந்து ஒன்றின் வேலையை மற்றது செய்ததில்லை. இப்போது மிஞ்சியிருந்தது மீன் சட்டி.

புதுச் சட்டி வாங்கி வந்தார்கள். புதுச் சட்டியில் பல நாள் கஞ்சி ஊற்றிப் பழக்க வேண்டும், அதற்கு நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்பில் வைத்ததும் அது பிளந்து, குழம்பு அடுப்பை அணைத்தது. தேவகிருபையிடம் இரவல் கேட்கப் போனாள் பிலோமி. தேவகிருபை கதவைச் சாத்தாமல், திறந்த கதவுக்குள் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அலுமினியப் பாத்திரத்தில் புளி ஆகாது. வேறு வழியில்லை. மீன் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள், எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தார்கள். மோந்து பார்த்தால் ஒன்றும் இல்லை.

அடுப்பில் ஏறிப் புளி கொதித்ததும்தான் சட்டிக்கு ஞாபகம் வந்தது. அது இத்தனை வருஷமாகக் குடித்து வைத்திருந்த சங்கரா, நெத்திலி, காரப்பொடி மீன் எல்லாம் கத்திரிக்காய்க்குள் இறங்கிவிட்டன.

"சாம்பிராணி போடு" என்றான் கஸ்பார். போட்டாள். "இன்னும் போடு" என்றான். அறை இருண்டது. தீப்பிடித்துவிட்டது என்று எதிர்க் குடித்தனத்து வியாகுலம்மாள் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தாள். அவளைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டுப் பார்த்தால், கோயிலுக்குள் மீன் கடை வைத்தது போல இருந்தது வீடு.

வாசலில் சுப்புராயன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கூடவே சௌக்கத் அலி.

இலை போட்டாயிற்று. சௌக்கத் அலி ஒரு வாய் எடுத்தார். கஸ்பாரை ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் தலையைத் தூக்கவே இல்லை.

சுப்புராயன் ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண் திறக்கவில்லை. கஸ்பார் மனசுக்குள் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டான். போதாது என்று தோன்றியது, தன் உயரத்துக்கு ஒன்று நேர்ந்துகொண்டான்.

சுப்புராயன் கண் திறந்தார். ஈரமாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."

ஊற்றினாள். மறுபடி கேட்டார். மறுபடி ஊற்றினாள்.

"இந்தக் கத்திரிக்கா எங்கம்மா வாங்கினே?"

"காசிமேட்ல" என்று சொல்லிவிட்டாள் பிலோமி. பழக்க தோஷம். காசிமேட்டில் மீனைத் தவிர என்ன விற்கும் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

"ஆமா, அங்க கத்திரிக்கா நல்லா இருக்கும்" என்றார் சுப்புராயன். இலையைச் சுத்தமாக வழித்தார். கை கழுவிவிட்டு வந்து கஸ்பாரின் தோளைத் தொட்டார். "நாளைக்குக் காலையில ஆபீசுக்கு வந்துடு. இந்த வீடு உனக்குத்தான்."

மறுநாள் கையெழுத்தெல்லாம் ஆனதும் கஸ்பாருக்கு நெஞ்சு உறுத்தியது. உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அதற்குள் சுப்புராயன் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "என் பேரைக் காப்பாத்துப்பா. அது போதும்."

"காப்பாத்தறேங்க" என்றான் கஸ்பார். சொன்னால் சொன்னதுதான் என்கிற ஆள், சொல்லிவிட்டான்.

ஈஸ்டர் முடிந்த வாரம் குடிவந்தார்கள். பிலோமி கிணற்றை இறைத்துக்கொண்டே இருந்தாள். தேவையே இல்லாமல் இறைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து, உங்களைப் போலச் சுத்தமானவர்கள் வந்தது எங்கள் பாக்கியம் என்றார்கள். கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. இலையில் உருளைக்கிழங்கு. கஸ்பார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஒரே ஒரு கருவாட்டுத் துண்டு சுட்டாக்கூட ஆவாதாய்யா?" என்றாள் பிலோமி.

"ஆவாது. பெரிய மனுசன் கையப் புடிச்சிக் கேட்டாரு. இந்த வூட்ல மூச்சு இருக்கற வரிக்கும் மீனு கெடயாது. இவ்ளோ நாளு சுத்தமா இருந்த வூட்ட நாம கலீஜ் பண்ணக் கூடாது." சொந்த வீட்டுக்காக அழாதவன் உருளைக்கிழங்குக்காக அழுதுவிடுவான் போலிருந்தது.

அப்போது பூனைகள் இரண்டும் எழுந்தன. அதுவரை நடந்து பார்த்திராத பூனைகள், பின்கதவை நோக்கி ஓடின. கதவை யாரோ விரல் நுனியால் மூன்று தட்டுத் தட்டினார்கள்.

கஸ்பார் திறந்தான். கையில் மூடி போட்ட தூக்குடன் ஒரு நடுத்தர வயதுப் பெண்பிள்ளை. மூடி இருந்தும் வஞ்சிரம் என்று அவன் மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

"யாரும்மா நீ?"

"பூவம்மா. பெரியவரு இல்ல?"

"பூட்டாரு. நாங்கதான் வூட்ட வாங்கினோம்."

"மாசக் கடைசிலதான போவேன்னாரு. ஞாயித்துக்கிழம ஆச்சேன்னு எப்பவும் போல கொழம்பு வெச்சி எடுத்துகினு வந்துட்டேன்." அவள் கஸ்பாரை மேலும் கீழும் பார்த்தாள். "நீ பனமரத்தொட்டி கஸ்பாரு இல்ல? காசிமேட்ல கூடைய எறக்கினா மொதல்ல வந்து பேரம் பேசற ஆளு."

பிலோமியும் பின்னால் வந்து நின்றாள். பூவம்மா இருவரையும் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"மெதுவா, ரெண்டு பக்கமும் கேக்கப் போவுது" என்றான் கஸ்பார். "இன்னாத்துக்கு சிரிக்கிற?"

பூவம்மா தூக்கைப் பிலோமியின் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"‘மீன் துன்றவன் வந்தா இந்தப் பின்கதவு எதுக்குன்னு மொத நாளே கண்டுபுடிச்சி என் அண்ணன் தம்பிங்ககிட்ட சொல்லிடுவான் பூவம்மா, அதான் சுத்த சைவமா ஒர்த்தன தேடிப் புடிச்சேன்’னு பெருமையா சொல்லிகினு இருந்தாரு, பாவம்."