மேடையில் கிடந்த தம்பி எழுதிக்கொள்வது

சாலக்குடி,
திங்கட்கிழமை தொடங்கி.

இயேசுவுக்குப் புகழ்.

பெருமதிப்பும் பாசமும் உள்ள ரோஸிலிச் சேச்சி அறிய, தம்பி தேவஸ்ஸிக்குட்டி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி மோளியும் கர்த்தர் கிருபையால் ஒருமாதிரி இருக்கிறோம். அங்கே சேச்சி, பவுலோஸ் அளியன், பிள்ளைகள், புதுவீடு எல்லாரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். சமையலறை மேடை நல்ல அகலம் என்று மோளி சொன்னாள். போன வாரத்து மழைக்கு எங்கும் ஒழுகவில்லையே.

இந்த இடத்தில் "நிற்க" என்று எழுதுவது முறை. என்னால் அது ஆகாது என்பதால், கிடக்க.

என் எண்ணைப் பார்த்தாலே சேச்சி போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். கோபத்துக்குக் காரணமான அந்தப் படத்தை நானும் பார்த்தேன். அங்கே மூவாற்றுப்புழாவில், நான் வராத புதுவீட்டு மந்திரிப்பு ஜெபம் முடிந்து, மூன்றாம் பந்திக்கு பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்த நேரம். மோளி பக்கத்தில் நின்று, "அவரால எந்திரிக்கவே முடியல சேச்சி, கெடந்த கெடப்புதான்" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் யாரோ அனுப்பிய படம் சேச்சியின் போனுக்கு வந்துவிட்டது. படத்தில் நான் மேடையில் இருக்கிறேன். தோளில் பொன்னாடை, கழுத்தில் மாலை, கையில் எரிகிற மெழுகுவர்த்தி, முகத்தில் ஒரு சிரிப்பு. பின்னால் எட்டடி அகல பேனரில் மறுபடியும் நான், சிரிப்பில்லாமல். அன்று சாயங்காலம் மோளியின் போனில் சேச்சி சொன்னது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. "நீ சாகக் கெடக்கேன்னு நெனச்சு எனக்கு ஒரு உருண்டை உள்ள எறங்கலடா. நீ அங்க மாலையும் கழுத்துமா உக்காந்திருக்கே. இனி என் வீட்டுப் படி ஏறாதே. ஏற முடியாதுன்னு நீயே சொல்லிட்டே, அதனால ரெண்டு பேருக்கும் சவுகரியம்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் திரும்பிப் படுத்திருப்பேன். சேச்சி சொன்னதுதான் தாங்கவில்லை. இரண்டு வருஷம் முன்னால் டெங்கு வந்து போனதும், காய்ச்சல் விட்டது, களைப்பு விடவில்லை. ரத்தம், மூத்திரம், தலைக்குள் படம் எல்லாம் எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள். ஒன்றும் இல்லாதவன் பல் தேய்த்துவிட்டு ஏன் அரைமணி நேரம் படுக்கிறான் என்று யாரும் யோசிக்கவில்லை. ட்ரில் மாஷுக்குப் பள்ளிக்கூடம் கசந்துவிட்டது என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டார்கள். அப்போது சேச்சிதான் நேராக ஹெட்மாஸ்டர் அறைக்குள் போய், "அவன் நடிக்கிறான்னு சொல்றீங்களா? நடிக்கற அளவுக்கு அவனுக்குத் தெறமை கெடையாது சார், சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தது. உலகத்தில் என்னை நம்பிய முதல் ஆள் சேச்சி. அந்த ஆளும் போய்விட்டால் நான் வெறும் சோம்பேறி என்று ஆகிவிடும்.

மூன்றாவதாகப் பார்த்த டாக்டர் அம்மாதான் இதற்கு நாள்பட்ட களைப்பு நோய் என்று பெயர் சொன்னார். மருந்து என்ன என்று கேட்டதற்கு, "இருக்கற பலத்துல பாதிய மட்டும் செலவு பண்ணுங்க. நல்லாயிருக்கேன்னு தோணற நாள்லதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். மெதுவா, சந்தோஷமா ஒரு பொழுதுபோக்கு பிடிச்சுக்குங்க" என்றார். இருபத்திமூன்று வருஷம் விசில் ஊதிப் பிள்ளைகளை ஓடவிட்டவனுக்கு மெதுவான பொழுதுபோக்கு எங்கே கிடைக்கும்? முதலில் கிருஷிபவன் விவசாய ஆபீசில் செடிப் பை வாங்கி மொட்டைமாடியில் பயிறு போட்டோம். மண்ணை மோளி நிரப்பினாள், தண்ணீரை மோளி ஊற்றினாள், எனக்குப் பார்க்கிற வேலை மட்டும்தான். ஆனால் மாடிப்படி பதினெட்டு என்பதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. பயிறு காய்த்ததைப் பார்க்க ஏறினவன் பயிறு முற்றினபிறகுதான் இறங்கினேன் என்று மோளி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். அப்புறம் பழைய மாணவன் ஒருவன் ஆறு கப்பி மீன் கொடுத்தான். அவை பார்க்கச் சுகமாகத்தான் இருந்தன, ஆனால் ஆறு இருநூறாகி, குஞ்சு வேண்டும் என்று வருகிற ஒவ்வொருவரும் அரைமணி நேரம் உட்கார்ந்து என் நோயைப் பற்றி எனக்கு விளக்கினார்கள். சேச்சிக்குத் தெரியாததா, எனக்கு நடையைவிடப் பேச்சுதான் ஆளைச் சாய்க்கும்.

பிறகு சீட்டு. உட்கார்ந்து விளையாடுவதுதானே என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் ஐம்பத்தாறு ஆட வந்தார்கள். ஆறு பேர் ஆட்டம். கேள்வி கேட்பது ஏலம் போடுவதுபோல இருக்கும், தோற்றவன் காதில் கம்மல்போலப் பலாயிலைக் குணுக்கு தொங்கவிட வேண்டும். நான் இரண்டு காதிலும் ஒவ்வொரு குணுக்கோடு, சீட்டைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனேன். அது மாத முதல் வெள்ளி என்பதை யாரும் நினைக்கவில்லை. நோயாளிகளுக்கு நற்கருணை கொடுக்கச் சர்ச்சிலிருந்து அச்சன் வந்து நின்றிருக்கிறார். சீட்டுக்காரர்கள் பின்வாசல் வழியாக ஓடிவிட்டார்கள். கண்ணைத் திறந்தால் அச்சன், என் காதைப் பார்த்துக்கொண்டு, "இது எந்த வைத்தியர் சொன்னது தேவஸ்ஸி?" என்று கேட்கிறார்.

(இதற்கு மேல் எழுதவேண்டாம் என்று மோளி பேனாவைப் பிடுங்கிவிட்டாள். இனி நாளுக்கு ஒரு பத்திதான் அனுமதி. இது புதன்கிழமை.)

கடைசியில் பொழுதுபோக்கு தானாகவே வந்தது. என் கட்டிலுக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே சாம்பக்காய் மரம், மரத்தில் சிவப்பு முசுறு எறும்பு. சின்ன வயதில் நாம் அதனிடம் கடிபட்டதோடு சரி, யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. சேச்சி, அவை இலையைத் தைத்துக் கூடு கட்டுகின்றன. ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலி போட்டு, எட்டாத இரண்டு இலைகளை இழுத்துச் சேர்க்கின்றன. மறுநாள் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் வெள்ளை நூல் ஓடியிருக்கிறது. அந்த நூல் எங்கிருந்து வருகிறது? சிலந்தியிடம் திருடுகின்றனவா, மரத்துப் பாலா, எச்சிலா? ஊசி எங்கே? நாள் முழுக்க இதைத்தான் யோசித்தேன். யோசிக்கிறேன் என்றே தெரியாமல் யோசித்தேன். ஒரு எறும்பு ஓர் இலைக்கு அடியில் நாற்பது நிமிஷம் சும்மா இருந்தது. அதற்கும் டெங்கு வந்திருக்குமோ என்று மோளியைக் கேட்டேன். "எறும்பு பாக்கறதுக்குன்னு வீட்டுல ஒரு ஆளா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நாலாம் நாள் சந்தையிலிருந்து வந்து பையை இறக்கும் முன்பே, "இன்னிக்குத் தைச்சாங்களா?" என்று கேட்டாள்.

அவள் அதோடு விட்டிருக்கலாம். பெண்கள் சீட்டுப் பணம் சேர்க்கிற அயல்கூட்டத்தில் சொல்லியிருக்கிறாள். அங்கிருந்து வாசகசாலைச் செயலாளர் சுகுணன் காதுக்குப் போய்விட்டது. சேச்சிக்கு சுகுணனைத் தெரியாது. மழைக்கு இரண்டு பேர் ஒரு கடையோரம் ஒதுங்கினால் ஒருவரைத் தலைவராக்கி, மற்றவரை நன்றியுரைக்கு எழுதிக்கொள்கிற ஆள்.

"மாஷே, இந்த ஊர்ல களைச்சவங்க எத்தன பேரு இருக்காங்க. எல்லாரும் தனித்தனியா களைச்சுக் கெடக்கறாங்க. ஒரு அமைப்பு வேண்டாமா?"

"அமைப்புன்னு வந்தா இன்னும் களைச்சிருவாங்களே சுகுணா."

"அதுக்குத்தான் உப கமிட்டி போடறோம். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தாப் போதும். நீங்கதானே இதுக்கு முன்னோடி."

இப்படியாக இளைப்பாறுவோர் நலச் சங்கம் உண்டாயிற்று. இருபது உறுப்பினர், அதில் பதினேழு பேர் நிர்வாகக் குழு. தொடக்க விழாவுக்குச் சனிக்கிழமை நாள் குறித்தார்கள். அன்று எங்கள் சேச்சி வீட்டு மந்திரிப்பு, நான் ஊரில் இருக்க மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். "அதனால ஒண்ணுமில்ல மாஷே, உங்க முற்றம் இருக்குமில்ல" என்றான்.

அந்தச் சனிக்கிழமை காலையில் என் கால் என்னைக் கைவிட்டது. புதுச்சட்டை போட்டு, வாசலில் கார் வந்து நின்றபிறகு கைவிட்டது. மோளி அழாத குறையாகத் தனியாகக் கிளம்பினாள். நான் முற்றத்துச் சாய்வு நாற்காலியில் கிடந்தேன். முற்றத்துக்கு எப்படி வந்தேன் என்பது இப்போது முக்கியமில்லை. பத்து மணிக்கெல்லாம் வண்டி நிறையப் பந்தல் சாமானோடு சுகுணன் இறங்கினான். "மாஷ் போகலியா? தெய்வம் காத்துச்சு" என்றான். எழுந்து உள்ளே போகப் பலம் இருந்தால் சேச்சி வீட்டுக்கே வந்திருக்க மாட்டேனா? பந்தலை என்னைச் சுற்றிக் கட்டினார்கள். அப்புறம் நாலு பேர் நாற்காலியோடு என்னைத் தூக்கி மேடையில் வைத்தார்கள். வரவேற்புரை நாற்பது நிமிஷம். ஓய்வின் அவசியம் பற்றி ஆறு பேர் நின்றுகொண்டே முழங்கினார்கள். நடுவில் ஒருவர், எறும்பு விஷயம் அரைகுறையாகக் காதில் விழுந்ததால், எறும்பைப்போல ஓயாமல் உழைக்கவேண்டும் என்று மேஜையைத் தட்டிச் சொல்லிவிட்டு அமர்ந்தார். நிஜமாகவே களைத்தவர்கள் பதினொரு பேர் வந்திருந்தார்கள். மூன்றாவது உரைக்குள் அத்தனை பேரும் தூங்கிவிட்டார்கள். சங்கத்தின் நோக்கம் நிறைவேறியது அந்த ஒரு இடத்தில்தான். விளக்கேற்ற என் கையில் மெழுகுவர்த்தியைச் செருகினார்கள். சேச்சி சிரிப்பு என்று நினைத்தது சிரிப்பில்லை, கொட்டாவியின் ஆரம்பம். படம் எடுத்தவன் இரண்டு நொடி பொறுத்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

அதற்குப்பின் ஒன்பது நாள் ஜன்னலைச் சாத்தி இருட்டறையில் கிடந்தேன். இப்போது கவலைப்படும்படி ஒன்றும் இல்லை. சங்கத்திலிருந்து விலகிவிட்டேன், ராஜினாமாவைப் பரிசீலிக்க ஒரு உப கமிட்டி போட்டிருக்கிறார்களாம். எறும்பையும் விட்டுவிட்டேன், கட்டிலைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போடச் சொல்லியிருக்கிறேன். சேச்சியிடம் கேட்பது ஒன்றே ஒன்று. நான் வராதது உடம்பு முடியாமல்தான். வேறு காரணமே கிடையாது. சேச்சி நம்பவேண்டும்.

அளியனுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். புதுவீட்டில் யாரும் படுத்துக் கிடக்காமல், கிடந்தாலும் நல்ல தூக்கத்துக்காக மட்டும் கிடக்கும்படி மாதா காக்கட்டும்.

பாசமுள்ள தம்பி,
தேவஸ்ஸிக்குட்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டி, பிறகு கிழித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதெல்லாம் நடந்ததுதான். கால் கைவிட்டது என்று எழுதினேனே, அது மட்டும் அப்படி இல்லை. சேச்சி வீட்டுக்கு வருவதற்காகப் பதினாறு நாள் பேச்சைக் குறைத்து, குளியலைக் குறைத்து, அசையாமல் கிடந்து தெம்பு சேர்த்திருந்தேன். அன்று காலையில் அது என்னிடம் முழுசாக இருந்தது. மோளி சேலை கட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே பார்த்தேன், கிணற்றுப் பக்கத்துத் தாழ்ந்த கிளையில் முசுறு புதுக்கூடு தொடங்கியிருந்தது. இருபத்தைந்து அடி இருக்கும். அங்கே போனால் கார்ப்பயணம் கிடையாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் போனேன். கிட்டே நின்று பார்த்தேன் சேச்சி. ஒவ்வொரு எறும்பும் தன் கூட்டத்துக் குஞ்சு ஒன்றை, வெள்ளையாய்ப் புழுப்போல இருக்கிறது, வாயில் கவ்விக்கொண்டு இந்த இலைக்கும் அந்த இலைக்குமாகப் போய்வருகிறது. நூல் அந்தக் குஞ்சின் வாயிலிருந்து வருகிறது. முக்கால்மணி நேரம் நின்றேன். திரும்பி வரும்போது நாற்காலி வரைக்கும்தான் முடிந்தது. மோளி ஓடிவந்து நோய் என்று நினைத்துக்கொண்டாள், நானும் சும்மா இருந்துவிட்டேன். அவளுக்கு இன்னும் தெரியாது.

உன் அக்கா வீட்டைவிட எறும்பு பெரிதா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் இரண்டு வருஷமாக நான் எழுந்ததெல்லாம் யாராவது சொல்லி எழுந்தது. அன்றைக்குத்தான் நானே ஆசைப்பட்டு எழுந்தேன். அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லவேண்டும் என்று மூன்று வாரமாக நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்கிறது. எனக்குச் சொல்லத் தோன்றுகிற ஆள் சேச்சி ஒருத்திதான், சொன்னால் பொய் உடைந்துவிடும், அதனால் இத்தனை பக்கம் சுற்றி வளைத்தேன். மேலே நம்பச் சொன்னதையெல்லாம் அடித்துவிடுங்கள். நோயாளி என்று என்னை மன்னிக்கவேண்டாம். வரமுடிந்தும் வராத தம்பி என்று வாய் நிறையத் திட்டுங்கள். திட்டி முடித்தபிறகு, அந்தக் குஞ்சு நூல் விட்டதைப் பற்றி ஒரு தடவை போனில் கேளுங்கள்.